அலுவலகக் கட்டடத்துக்குப் பசுமைச் சான்று: கேட்பது யார், செலவழிப்பது யார்

மின்சாரம், தண்ணீர், பொருட்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கட்டடம் என்று வெளி அமைப்பு ஒன்று புள்ளி போட்டுத் தருவது பசுமைச் சான்று. சென்னையில் அலுவலகக் கட்டடம் கட்டி வாடகைக்கு விடுகிறவர்களிடம் அதுபற்றிப் பேச்செடுத்தால் முதலில் காதில் விழுவது இரண்டு விஷயங்கள்: வாடகை கூடும், கரண்ட் பில் குறையும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் போட்ட பணம் திரும்ப வராது. பெரிய டெவலப்பர்களிடம் இதற்கென்றே தனிக் குழு இருக்கும். அப்படி எந்தத் துணையும் இல்லாமல், ஓ.எம்.ஆர். பக்கம் நடுத்தர அளவுக் கட்டடம் ஒன்றின் சான்றிதழ் வேலையைப் பதிவில் தொடங்கிக் கடைசிவரை தனியாகப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். நடுவில் விட்டுவிடலாம் என்று தோன்றும், யார்மேல் என்று தெரியாமல் கோபம் வரும். எங்கே காசு கரையும், எங்கே மாதங்கள் போகும் என்று ஒருவர் முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதிச் சுமை குறைந்திருக்கும். அதனால்தான் தெரிந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கரண்ட் பில். பல நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில் அவரவர் தளத்து மின்சாரத்தைச் சப் மீட்டர்படி அவரவரே கட்டுகிறார்கள். நல்ல சில்லர் (ஏ.சி.க்குக் குளிர்நீர் தரும் பெரிய இயந்திரம்), நல்ல கண்ணாடி எல்லாவற்றுக்கும் முதல் போடுவது உரிமையாளர். அதனால் மிச்சமாகும் யூனிட் போய்ச் சேருவது வாடகைதாரருக்கு. லிப்ட், பம்பு, பொது விளக்குச் செலவுகூடப் பராமரிப்புக் கட்டணமாக அவர்களிடமே வசூலாகிவிடுகிறது. பராமரிப்பைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று நிலையாகப் பேசியிருந்தால் மட்டுமே அந்தப் பகுதி மிச்சம் உரிமையாளர் கைக்கு வரும். எனவே முதலீடு இத்தனை வருடத்தில் திரும்பும் என்று, சான்று வேலைக்கு நாம் அமர்த்தும் கன்சல்டன்ட் நீட்டும் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்த ரூபாய் யார் பையில் விழும் என்று எழுதிப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்குக் கட்டுகிறவருக்கு அந்த அட்டவணை அப்படியே பொருந்தும். வாடகைக்கு விடுகிறவருக்குப் பாதிக்கு மேல் அடிபட்டுப் போகும்.

அடுத்தது வாடகை. இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது அய்ஹோல்ட்ஸ், காக், க்விக்லி என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. ஒப்பிடத்தக்க கட்டடங்களைவிடச் சான்று பெற்ற அலுவலகங்களில் சதுர அடி வாடகை ஏறக்குறைய 3 சதவீதம் கூடுதல், காலியிடத்தையும் சேர்த்துப் பார்த்தால் 7 சதவீதத்துக்கு மேல், விற்பனை விலை 16 சதவீத அளவுக்குக் கூடுதல் என்று அவர்கள் கண்டார்கள். இந்த மூன்று எண்களுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். வாடகை கொஞ்சம்தான் கூடுகிறது. இடம் காலியாகக் கிடப்பது குறைவதிலும் விற்கும்போது கிடைக்கும் விலையிலும்தான் பெரிய பங்கு இருக்கிறது. உதாரணத்துக்கு 50,000 சதுர அடி, மாத வாடகை சதுர அடிக்கு 70 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 35 லட்சம். 3 சதவீதம் கூடினால் வருடத்துக்கு 12.6 லட்சம். அதே கட்டடம் மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் நஷ்டம் 1.05 கோடி, அதாவது எட்டு வருடத்துக்கு மேற்பட்ட வாடகைக் கூடுதல் மொத்தமும் மூன்றே மாதத்தில் போய்விடும். முதலீட்டாளரை உண்மையில் தள்ளுவது இந்தப் பயம்தான்.

இடம் காலியாவதற்கும் சான்றுக்கும் என்ன தொடர்பு என்றால், பெரிய வாடகைதாரரின் தேவைப் பட்டியல்தான் தொடர்பு. வெளிநாட்டு வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் சென்னையில் இடம் தேடும்போது அனுப்பும் பட்டியலில் லீட் கோல்டு (லீட் என்ற அமெரிக்கப் பசுமைச் சான்றில் கோல்டு தரம்) அல்லது அதற்கு நிகரானது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினால் அவர்கள் கட்டடத்தைப் பார்க்கவே வரமாட்டார்கள், பேரம் பேசும் வாய்ப்பே கிடைக்காது. முழு மின்சாரத்தையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து வாங்குவதாக உறுதி கொடுத்த நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கட்டடத்துக்குக் காற்றாலை அல்லது சூரிய மின்சாரம் வருமா என்று கேட்கின்றன. இங்கேயும் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை 2022-23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் மின்சார, தண்ணீர்க் கணக்கை அவர்கள் நம்மிடம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது அழுத்தம், நாளை நம்மிடமிருந்து கட்டடத்தை வாங்கப்போகிறவர். 2019-இல் எம்பசி, 2020-இல் மைண்ட்ஸ்பேஸ், 2021-இல் புரூக்ஃபீல்டு என்று ரெயிட்கள் (பலரிடம் பணம் திரட்டி வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளைகள்) பங்குச் சந்தைக்கு வந்தபின் அலுவலகக் கட்டடம் வாங்கும் கைகள் மாறிவிட்டன. ஓய்வூதிய நிதிகளின் பணம் பின்னால் இருப்பதால், தங்கள் சொத்துக்களின் சுற்றுச்சூழல் மதிப்பெண்ணை ஜிரெஸ்ப் போன்ற அளவீட்டில் வருடந்தோறும் காட்ட வேண்டிய கட்டாயம் இவர்களுக்கு இருக்கிறது. சான்றில்லாத கட்டடத்தை வாங்கினால் அந்த மதிப்பெண் இறங்கும், அதனால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். மேலே சொன்ன அதே கட்டடத்தின் வருட வாடகை 4.2 கோடி. வாங்குகிறவர் 8.5 சதவீத வருமானம் எதிர்பார்த்தால் விலை 49.4 கோடி, 8 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டால் 52.5 கோடி. அரை சதவீதத்தில் 3 கோடி ரூபாய் வித்தியாசம். மூன்றாவது அழுத்தம் கடன் கொடுப்பவர். ரிசர்வ் வங்கியின் 2023 பசுமை வைப்புத்தொகை நெறிமுறையில் பசுமைக் கட்டடங்களும் அந்தப் பணத்தைப் போடத்தக்க துறைகளில் ஒன்று. வட்டி குறைகிறதோ இல்லையோ, வங்கி அதிகாரியிடம் எடுத்துச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. வட்டிச் சலுகையை எழுத்தில் வாங்கும்வரை கணக்கில் சேர்க்காதீர்கள்.

அரசுச் சலுகை ஊருக்கு ஊர் வேறு. மகாராஷ்டிரத்தின் 2020 ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சான்றின் தரத்தைப் பொறுத்து 3, 5, 7 சதவீதம் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ள அனுமதி தருகின்றன. நிலம் விலை உயர்ந்த ஊரில் அந்த ஒன்றே செலவு முழுவதையும் ஈடுகட்டிவிடும், அங்கே முதலீட்டாளர் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துவந்து சென்னையில் காட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். திட்ட அனுமதி கேட்கும் நாளில் இங்கே நடப்பிலுள்ள விதியை நீங்களே படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூர் 2008 முதல் புதுக் கட்டடங்களுக்குக் குறைந்தபட்சப் பசுமைத் தரத்தைச் சட்டமாக்கிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆற்றல் தரம் 'இ'-க்குக் கீழே உள்ள வணிகக் கட்டடத்தை, விலக்குப் பதிவு இல்லாமல், 2023 ஏப்ரல் முதல் வாடகைக்குத் தொடர்ந்து விடவே முடியாது. அங்கெல்லாம் சொத்து வைத்திருக்கும் நிதிகள்தான் இங்கேயும் வாங்க வருகின்றன, அங்கே பழகிய கேள்விகளையே இங்கேயும் கேட்கின்றன.

சென்னைக்கே உரிய காரணம் ஒன்று உண்டு, அது தண்ணீர். என்னைக் கேட்டால் சான்று வேலையில் உரிமையாளருக்கு நேரடியாகப் பலன் தருவது இதுதான். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னதை எந்த வாடகைதாரரும் மறக்கவில்லை. தேசியக் கட்டடக் கோட்பாட்டில் அலுவலகத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர், அதில் 20 லிட்டர் கழிப்பறை ஃப்ளஷுக்கு. 50,000 சதுர அடியில் 500 பேர் என்றால் ஃப்ளஷுக்கு மட்டும் தினம் 10,000 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு 12,000 லிட்டர் லாரி. சுத்திகரித்த கழிவுநீரை அதற்குத் திருப்பினால் அந்த லாரி நின்றுவிடும். ஆனால் அதற்கு ஃப்ளஷ் குழாயும் குடிநீர்க் குழாயும் தொடக்கத்திலேயே தனித்தனியாக இறங்க வேண்டும். கட்டி முடித்த கட்டடத்தில் குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட் நிறைந்திருக்கும், இரண்டாவது லைன் நுழைக்கத் தளம் தளமாகக் கழிப்பறையை உடைக்க வேண்டிவரும். சான்றே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் இந்த ஒரு குழாயை மட்டும் போட்டுவிடுங்கள்.

இதே இடத்தில் மின்சாரமும் தண்ணீரும் ஒன்றையொன்று முட்டும். தண்ணீரால் குளிரும் சில்லர் மின்சாரம் குறைவாக எடுக்கும், அதனால் சான்றில் ஆற்றலுக்கான புள்ளிகள் கூடும், கன்சல்டன்ட் அதைத்தான் சொல்வார். ஆனால் அந்தச் சில்லரின் வெப்பத்தை வெளியேற்றும் கூலிங் டவரில் ஒரு டன் குளிருக்கு மணிக்கு 6 லிட்டருக்கு மேல் ஆவியாகும். 200 டன் சில்லர் பத்து மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் 12,000 லிட்டர், மறுபடி ஒரு லாரி. கடற்கரையோர நிலத்தடி நீர் உப்பு, அப்படியே விட்டால் கண்டென்சர் குழாயில் படிந்து சில்லரின் திறனைத் தின்றுவிடும். சுத்திகரித்த கழிவுநீரை டவருக்குக் கொடுக்கலாம், அதற்கு வடிகட்டலும் மென்னீராக்கலும் கூடுதலாக வேண்டும், தினமும் பார்த்துக்கொள்ளும் ஆளும் வேண்டும். மின்சார மிச்சம் வாடகைதாரருக்கு, லாரிச் செலவு நமக்கு என்று ஒப்பந்தம் இருந்தால் காற்றால் குளிரும் சில்லரே உரிமையாளருக்கு லாபமாகிவிடும். இந்த முடிவைப் புள்ளிக் கணக்கு எடுக்கவிடாதீர்கள். குறைவாக நீர் பாய்ச்சும் குழாய்களிலும் இதே உப்புத் தொல்லை உண்டு. குழாய் நுனியில் உள்ள ஏரேட்டர் சல்லடையில் உப்பு அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்யாமல் விட்டால் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் அதைக் கழற்றியே எறிந்துவிடுவார்கள்.

எந்தச் சான்று என்பதை யார் கேட்கிறார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வெளிநாட்டு வாடகைதாரர், ரெயிட் என்றால் லீட். 110 புள்ளிகளில் 40 முதல் சான்று, 50 சில்வர், 60 கோல்டு, 80 பிளாட்டினம். உள்ளூர் நிறுவனங்களுக்கு, 2001-இல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலின் ஐ.ஜி.பி.சி. போதும். அரசு வேலை என்றால் பெரும்பாலும் கிரிஹா என்ற இன்னொரு இந்தியச் சான்றுதான் வரும். உலக வங்கிக் குழுமத்தின் எட்ஜ் மூன்றே விஷயங்களைப் பார்க்கிறது, ஆற்றலிலும் தண்ணீரிலும் பொருட்களில் அடங்கிய கார்பனிலும் தலா 20 சதவீத மிச்சம். கடன் கொடுப்பவர் கேட்டால் அதுவே சிக்கனம். வெறும் கட்டடத்தைக் கொடுத்து உள் அலங்காரத்தை வாடகைதாரரிடம் விடுகிறீர்கள் என்றால் கோர் அண்ட் ஷெல் பிரிவில் பதிவு செய்யுங்கள். உங்கள் கையில் இல்லாத விளக்குக்கும் கார்ப்பெட்டுக்கும் நீங்கள் பொறுப்பேற்க வேண்டியிருக்காது. பிளாட்டினத்துக்கு ஆசைப்பட்டு ஒருவரும் கேட்காத கடைசிப் புள்ளிகளுக்குச் செலவழிப்பதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. பட்டியலில் கோல்டு கேட்டிருந்தால் கோல்டு வாங்குங்கள். ஆனால் 60-ஐக் குறிவைக்காமல் 65, 66-க்குத் தயாராகுங்கள், பரிசீலனையில் சில புள்ளிகள் அடிபடுவது வழக்கம்.

வடிவமைப்பில் கண்ணாடியைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். 2017 ஆற்றல் சேமிப்புக் கட்டட விதி, வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிக்குக் கண்ணாடியின் சூரிய வெப்ப ஊடுருவல் எண் 0.27-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வடக்குப் பக்கத்துக்குத் தளர்வு உண்டு, ஆனால் அது 15 பாகை அட்சரேகைக்கு மேலே உள்ள ஊர்களுக்குத்தான். சென்னை 13 பாகை, எனவே நான்கு பக்கமும் 0.27. சுவரில் கண்ணாடி 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வழக்கமாக நடப்பது என்னவென்றால், கட்டடத்தின் மின்செலவைக் கணினியில் கணிக்கும் எனர்ஜி மாடலில் ஒரு கண்ணாடி இருக்கும், விலை குறைப்புக்காக முகப்பு ஒப்பந்ததாரர் 'இதுவும் அதே தரம்தான் சார்' என்று 0.4 உள்ள வேறொன்றை மாட்டுவார். மாடலைத் திரும்ப ஓட்ட வேண்டும், கன்சல்டன்ட் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார், புள்ளியும் போகும். கொள்முதல் ஆணையிலேயே எண்ணை எழுதி, தயாரிப்பாளரின் சோதனை அறிக்கையும் இன்வாய்ஸில் உள்ள மாடல் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் பில் பாஸ் ஆகும் என்று நிபந்தனை போடுங்கள்.

சான்றுக்குக் காட்ட வேண்டிய சில ஆதாரங்களைப் பின்னால் உருவாக்கவே முடியாது. மண் அரிப்புத் தடுப்பு, சைட்டை விட்டு வெளியேறும் லாரிச் சக்கரம் கழுவும் குழி ஆகியவற்றைத் தேதியுடன் அன்றன்றைக்குப் படம் எடுத்தால்தான் உண்டு, தரை மூடியபின் என்ன செய்தாலும் கிடைக்காது. இடிபாட்டுக் கழிவு எங்கே போனது என்பதற்கு எடைமேடைச் சீட்டு வேண்டும். சிமெண்டில் எரிசாம்பல் எவ்வளவு, கம்பியில் மறுசுழற்சி இரும்பு எவ்வளவு என்று கம்பெனிக் கடிதம் வேண்டும், அதைச் சரக்கு வாங்கும்போதே கேளுங்கள். பணம் கைக்குப் போனபின் டீலர் போனை எடுக்கமாட்டார். பெயிண்ட், பசை, சீலண்ட் ஒவ்வொன்றுக்கும் வேதிவாயு அளவுச் சான்று வேண்டும். சைட்டில் ஒருவரிடம் இதை மட்டுமே வேலையாகக் கொடுத்து, மாதாமாதம் கோப்பைச் சரிபாருங்கள். அந்த ஆளின் சம்பளம், கட்டி முடித்தபின் தாள் தேடி அலையும் மாதங்களின் வாடகையைவிட மிகக் குறைவு.

குடியேறும் முன் கட்டடத்துக்குள் வெளிக்காற்றை ஓட்டிச் சுத்தப்படுத்தும் ஃப்ளஷ் அவுட் என்ற புள்ளி காகிதத்தில் சுலபமாகத் தெரியும். லீட் கேட்பது ஒரு சதுர அடிக்கு 14,000 கன அடி வெளிக்காற்று. சாதாரண அலுவலக ஏ.சி. அமைப்பு சதுர அடிக்கு நிமிடத்துக்கு 0.14 கன அடி அளவில்தான் வெளிக்காற்றை எடுக்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு லட்சம் நிமிடம், ஏறக்குறைய 70 நாள். அதுவும் உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல். சென்னைக் காற்றை அப்படி வைத்திருக்க வேண்டுமானால் அத்தனை நாளும் சில்லர் ஓட வேண்டும், காலிக் கட்டடத்துக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும். 3,500 கன அடி ஓட்டியபின் ஆட்களை உள்ளே விட்டு மீதியைத் தொடரலாம் என்று ஒரு வழி இருக்கிறது. அதைவிட, காற்றின் தரத்தை ஆய்வகம் மூலம் சோதித்துக் காட்டுவது நம் ஊருக்குப் பொருந்தும். எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதை ஒப்படைப்புத் தேதி பேசும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இயந்திரங்கள் வடிவமைத்தபடி ஓடுகின்றனவா என்று சோதிக்கும் கமிஷனிங்கைச் செய்கிறவர் ஏ.சி. ஒப்பந்ததாரரின் ஆளாக இருக்கக் கூடாது. தனியாளாக வந்து சோதித்தால் வெளிவருபவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: வேகத்தைக் குறைக்கப் பொருத்திய டிரைவ் மேனுவலில் 50 ஹெர்ட்ஸில், அதாவது முழு வேகத்தில் நிற்கும், கார்பன் டை ஆக்சைடு சென்சார் தவறாகக் காட்டும், வெளிக்காற்று வரும் வழியின் கதவான டேம்பரை யாரோ மூடி வைத்திருப்பார். இவற்றைச் சரிசெய்யாமல் ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள். அதன்பிறகு சான்று தரும் அமைப்பின் ஆவணப் பரிசீலனை. கேள்விகளோடு திரும்பி வருவதற்குச் சலிப்பூட்டும் ஒரு காரணம் உண்டு. ஆற்றல் படிவத்தில் ஒரு பரப்பளவு, தண்ணீர்ப் படிவத்தில் இன்னொரு பரப்பளவு, ஆட்கள் எண்ணிக்கை மூன்றாவது விதம். படிவங்களை வெவ்வேறு ஆட்கள் நிரப்புவதால் வருவது இது. பரப்பளவு, ஆட்கள், வேலை நேரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் ஒரு சுற்றுத் தாமதம் மிச்சம். வாடகைதாரர் குடியேறி இத்தனை மாதத்துக்குள் சான்று வர வேண்டும் என்று லீஸில் எழுதியிருந்தால் அந்த ஒரு சுற்று எவ்வளவு பெரிது என்பது அப்போது தெரியும். எனவே உறுதி கொடுக்கும்போது கோல்டு என்ற அளவை மட்டும் கொடுங்கள், தேதியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லீஸில் சேர்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. சென்னையில் வழக்கமான அலுவலக லீஸ் ஒன்பது வருடம், வாடகைதாரர் காலி செய்ய முடியாத லாக் இன் மூன்று வருடம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு. கையெழுத்தாகும் நாளில் விட்டுப்போனதை அதற்குப் பிறகு சேர்ப்பது மிகக் கடினம். மாதாந்திர மின்சார, தண்ணீர், குப்பைக் கணக்கை வாடகைதாரர் தர வேண்டும், அவர்களுடைய உள் அலங்காரம் கட்டடத்தின் சான்றைக் கெடுக்கக் கூடாது, ஆற்றலை மிச்சப்படுத்தும் புது இயந்திரத்தின் செலவை மிச்சமாகும் தொகையிலிருந்து பராமரிப்புக் கட்டணமாக வசூலிக்கலாம். இந்த மூன்று வரிகளும் இருந்தால் முதல் போடுபவர் ஒருவர், பலன் பெறுபவர் இன்னொருவர் என்ற பழைய சிக்கல் ஓரளவு தீரும். குரூப் கேப்டிவ் முறையில் காற்றாலை மின்சாரம் வாங்க நினைத்தால் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம் அந்த மின்நிலையத்தில் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவர்களே எடுக்க வேண்டும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதை அப்போது பார்ப்பார்கள், எனவே உயரழுத்த இணைப்பை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்வது வசதி.

கட்டுமானத்துக்கு வாங்கிய லீட் சான்று காலாவதியாவதில்லை. ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய சான்றை வாங்குகிறவர் பெரிதாக மதிப்பதில்லை, இயங்கும் கட்டடத்துக்கான சான்று இருக்கிறதா என்று கேட்கிறார். அதற்கு 12 மாத மின்சார, தண்ணீர்க் கணக்கு, ஊழியர்கள் எப்படி வந்துபோகிறார்கள் என்ற கணக்கெடுப்பு, உள்காற்றுச் சோதனை ஆகியவை வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். விற்கும் எண்ணம் இருந்தால் விற்பதற்கு ஒன்றரை வருடம் முன்பே இதைத் தொடங்குங்கள். மாடல் கோப்புகள், கமிஷனிங் அறிக்கை, சான்று இணையதளத்தின் உள்நுழைவு எல்லாமே கன்சல்டன்ட் பெயரில் இருப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. கடைசி பில்லைத் தரும் முன் திட்டத்தின் உரிமையாளர் கணக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றி, மாடலின் மூலக் கோப்பையும் கையில் வாங்கிவிடுங்கள். வாங்குகிறவரின் சோதனைக் குழு முதல் வாரத்திலேயே கேட்பது இவற்றைத்தான்.